ஆவணி வேண்டாம் என்றார்

மார்ச் 27, வியாழன்

காலையிலேயே நல்ல வெயில். மாவு அரைக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதி மாவு, பாதி நொய்.

காசிமேடு போய்க் கடையைப் பார்த்துவிட்டு வந்தேன். மீன்பிடித் துறைமுக வாசலுக்குப் பக்கத்துத் தெரு. முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்ததாம். சின்னது. நாலு பெஞ்சு போடலாம். பின்பக்கம் அடுப்புக்கு இடம், தண்ணீர்க் குழாய், புகை போக ஜன்னல். பார்த்ததும் பிடித்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

இடம் காதர் பாயுடையது. வண்ணாரப்பேட்டையில் குடைக்கடை வைத்திருக்கிறார். "பெருநாள் முடியட்டும், அப்பறம் சொல்லும்மா. ஆனா ரொம்ப நாள் பூட்டி வெச்சிருக்க முடியாது" என்றார்.

எண்ணூர்ப் பக்கம் கம்பெனி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் கைமாறியது, எங்களை நிறுத்திவிட்டார்கள். இனி இன்னொருவர் கேன்டீனில் போய் நிற்பதாக இல்லை. சொந்தமாக மதியச் சாப்பாட்டுக் கடை. அது முடிவு. எந்த மாதம் என்பதுதான் பாக்கி.

நாத்தனார் வள்ளி அக்காவிடம் கேட்டேன். அவர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், ஊர் நிலவரம் தெரியும். "இன்னாடி பேசற? இதோ தடக்காலம் வந்துடும். ரெண்டு மாசம் ஒரு போட்டும் கடலுக்குப் போவாது. காசிமேட்டுல எவன் கைல துட்டு இருக்கும், உங் கடைல வந்து துன்ன? ஆவணி வரட்டும், பாத்துக்கலாம்."

சாயங்காலம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்:

சித்திரை, வைகாசி – மீன்பிடித் தடை. போதாததற்குக் கத்திரி வெயில்.
ஆனி – மகள் ரம்யாவைக் காலேஜில் சேர்க்கும் அலைச்சல்.
ஆடி – வாயைத் திறக்கவே கூடாது.
ஆவணி – நல்ல மாதம்.
புரட்டாசி – பாதி ஜனம் கவிச்சி தொடாது.
ஐப்பசி – மழை. அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்குமாம், டீக்கடையில் சொன்னார்கள்.
கார்த்திகை – மழை. அதோடு மாலை போட்டவர்கள்.
மார்கழி – ஆகாது.
தை – நல்லது. அதுவரை?

ஆக, ஆவணி. பாய் அதுவரை வைத்திருப்பாரா தெரியவில்லை.

கடலுக்குப் போன வீட்டுக்காரர் கஜா இன்னும் கரைக்கு வரவில்லை. தடைக்கு முன்னால் கடைசி நடை இதுதான். வந்ததும் சொல்ல வேண்டும். "உன் இஷ்டம்மே" என்பார். இருபது வருஷமாக எதற்கும் அதே பதில்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அவர் நேற்று வந்தார். இளைத்திருக்கிறார். வந்து இறங்கியதும் ரம்யாவின் தலையில் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றார். அவள், "இன்னாப்பா, புதுசா பாக்கற மாதிரி பாக்கற" என்று சிரித்தாள். பரீட்சை நல்லா எழுதினியா என்று கேட்டார். போன தடவை வந்தபோதும் அதைத்தான் கேட்டார்.

குளிக்கும்போது கதவைச் சாத்தவில்லை. தலைக்கு ஊற்றிக்கொள்ளவும் இல்லை, கையால் தொட்டுத் தொட்டு நனைத்துக்கொண்டார். சளியாம். எனக்கொன்றும் சளி மாதிரித் தெரியவில்லை.

சாப்பிடும்போது கடை விஷயம் சொன்னேன். ஆவணி என்றேன். சோற்றில் கை நின்றது.

"ஆவணி வேணாமே. சித்திரைலயே போடலாம்."

எனக்குத்தான் காது சரியில்லையோ என்று நினைத்தேன். தடைக்காலமாச்சே என்றேன்.

"அதான் சொல்றேன். போட்டெல்லாம் கரைல கட்டிக் கெடக்கும். அப்பதான் எல்லா ரிப்பேரும். தச்சரு, வெல்டிங்காரன், பெயின்ட்டு அடிக்கிறவன், வலை பின்றவன், எல்லாம் வெளியூர்லேர்ந்து வந்து எறங்குவான். அவுங்களுக்கு ஓனரு கூலி குடுத்துடுவான். மத்தியானம் எங்க துன்னுவானுங்க? யாராவது யோசிச்சாங்களா?"

நான் யோசிக்கவில்லை. வள்ளி அக்காவும் யோசிக்கவில்லை.

"அப்பால நானும் வூட்ல கீறேன். ரெண்டு மாசம் நானே சமைக்கிறேன். போட்டுல யாரு சமைக்கிறது, நான்தான? கருவாட்டுக் கொயம்பு வெச்சா போட்டு ஓட்டற நம்ம சிராங்கே சட்டிய வயிச்சித் துன்னுவாரு."

இந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல இருந்தது தடைக்காலத்தில்தான். அப்போதும் அவர் வலைக்கூடத்தில், நான் கேன்டீனில். ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நின்றதே இல்லை.

சித்திரை என்று வைத்துக்கொண்டேன். தொழிலுக்காகவா, இதற்காகவா? கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏப்ரல் 5, சனி

பாயிடம் போனோம். தடைக்காலத்தில் தொடங்குகிறோம் என்றதும் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க வாப்பா கொடைக்கடைய நடு வெயில்லதான் தொறந்தாங்க. எல்லாரும் கேலி பண்ணாங்க. மழைல தொறந்தா கூட்டத்தப் பாக்கறதா, சரக்கப் பாக்கறதா? கூட்டம் இல்லாதப்ப தொறந்தாதான் கடை எங்கெங்க ஒழுகுதுன்னு தெரியும்னு சொல்லுவாங்க" என்றார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் வள்ளி அக்கா. சண்டை. "எந் தம்பி அடுப்பாண்ட நின்னு கரண்டி புடிக்கணுமா? ஊர்ல சிரிப்பாங்கடி. ஒரு வாரம் கூட தாங்காது." கஜா வெளியே போய் நின்றுகொண்டார். அக்கா போகும்போது, நாங்கள் கேட்காமலேயே, நல்ல வாளைக் கருவாடு யாரிடம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாங்க வேண்டியவை: அண்டா ஒன்று (பெரிது), கரண்டி, டம்ளர், விளக்குமாறு, சாம்பிராணி. பெஞ்சு – பழையது போதும்.

ஏப்ரல் 14, திங்கள். வருஷப் பிறப்பு

நாள் முழுக்கக் கடையைக் கழுவினோம். ஜெராக்ஸ்காரர் விட்டுப்போன காகிதம் மூலைக்கு மூலை. சுவரில் யாரோ ஒரு குழந்தையின் பாஸ்போர்ட் போட்டோ ஒட்டியிருந்தது. கிழிக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

பெயர்ப் பலகை வந்தது. படகுக்குப் பெயர் எழுதுகிற பெயின்டர் எழுதித் தந்தார், சாப்பாடு போட்டால் போதுமென்று. ரம்யா ஏதோ இங்கிலீஷில் பெயர் சொன்னாள். அவள் அப்பா கேட்கவில்லை. "செல்வி மெஸ்." படகுக்கு எழுதுகிற அதே சாய்வெழுத்து, நீலமும் சிவப்பும். இரண்டு பக்கமும் இரண்டு மீன். என் பெயரை இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. தெருவில் நின்று பார்க்கக் கூச்சமாக இருந்தது. பால் வாங்கப் போகிற மாதிரிப் போய், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஏப்ரல் 16, புதன்

திறந்தாச்சு. பூஜை முடிந்ததும் முதல் இலை பாய்க்கு. சோறு, கருவாட்டுக் குழம்பு, கீரை, ரசம். அவர் ரசித்துச் சாப்பிட்டார்.

அதன் பிறகு ஈ ஓட்டினோம். நாலைந்து பேர். சோறு அண்டாவில் முக்கால்வாசி மிச்சம். வாசலில் போன ஒருத்தர் இன்னொருத்தரிடம்: "தடக்காலத்துல கட தொறக்கறாங்க பாரு, இன்னா தில்லு!"

அவர் சமைப்பதை இன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். இரண்டு காலையும் அகட்டி வைத்து, இடுப்பைச் சுவரில் சாய்த்து நிற்கிறார். அண்டாவின் விளிம்பை ஒரு கை பிடித்துக்கொண்டே இருக்கிறது. தரை ஆடாது என்று யாராவது சொன்னால் நல்லது. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

கூட்டம் வராவிட்டால் நாம் போவோம் என்று அவர் சொன்னார். மதியம் குழம்பை ஒரு தூக்கில், சோற்றை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் துறைமுகத்துக்குள் போனோம். தச்சர்கள் பொட்டலம் புளிசாதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினார்கள். "யோவ், இத்தினி நாளா எங்க இருந்த?" என்று ஒருவர் அவரைக் கேட்டார். "கடல்ல" என்றார்.

ஒன்று மட்டும். தண்ணீரில் கட்டியிருந்த ஒரு படகிலிருந்து இரண்டு பேர் கூப்பிட்டார்கள், இங்கேயும் கொண்டு வா என்று. நடுவில் ஒரு பலகைதான். அவர் தூக்கோடு அப்படியே நின்றுவிட்டார். "நீ போய்க் குடுத்துட்டு வாமே" என்றார். நான்தான் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பலகையில் நடந்தேன். திரும்பி வந்தால் அவர் முகம் வேர்த்திருந்தது. வெயில்தான், ஆனாலும்.

மே 1, வியாழன்

பெஞ்சில் இடமில்லை. சிலர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். வெல்டர், பெயின்டர், வலை பின்னுகிறவர்கள். கருவாடு போன வாரத்தை விட இரண்டு மடங்கு வாங்குகிறோம். வள்ளி அக்கா தானே கொண்டு வந்து போடுகிறார். உள்ளே வர மாட்டார், வாசலோடு சரி. சாப்பிடுங்கள் என்றால், "எனக்கு வூட்ல சோறு கீது."

அப்பளம் தீர்ந்தது. காஸ் சொல்ல வேண்டும். இடது கையில் சூடு பட்டது, கொப்புளம்.

அவர் பாட்டு முணுமுணுக்கிறார். வீட்டில் முணுமுணுத்துக் கேட்டதில்லை.

மே 2, வெள்ளி

எழுதுவதா வேண்டாமா.

மதியம் டில்லி வந்தான். இவரோடு ஒரே படகில் போகிற பையன், போன வருஷம் கல்யாணம் ஆனவன். இவர் காஸ் விஷயமாக வெளியே போயிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "அண்ணி, அண்ணன இப்டி சிரிச்சிகினு பாக்கசொல்ல சந்தோசமா கீது. மாசில அவரு தண்ணில வுயுந்தப்ப, முடிஞ்சிதுன்னே நெனச்சோம்."

நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். தெரிந்த மாதிரியே, "ஆமா" என்றேன். அவன் மிச்சத்தையும் சொல்லிவிட்டான். விடிவதற்கு முன்னால் வலை இழுக்கும்போது. அலை ஒன்று அடித்ததில் இவர் வெளியே. யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஆள் குறைவது தெரிந்திருக்கிறது. படகைத் திருப்பி, டார்ச் அடித்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு. மிதவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாராம். ஏற்றியதும் கேட்ட முதல் வார்த்தை, "செல்விக்கி சொல்லாதீங்க."

அதற்குப் பிறகும் இரண்டு நடை போய் வந்திருக்கிறார். என் கையால் துணி மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். போகும்போது மிளகாய்த்தூள் டப்பாவைத் திரும்பக் கொண்டு வரவில்லை என்று திட்டியும் இருக்கிறேன்.

டம்ளரை எல்லாம் இன்னொரு தடவை கழுவினேன்.

மே 4, ஞாயிறு. கத்திரி ஆரம்பம்

ஞாயிறு கடை இல்லை. பாத்திரம் தேய்க்கப் போனோம், இரண்டு பேரும். இரண்டு நாளாக என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபம்தான் முதலில். பிறகு கோபமில்லை, வேறு ஏதோ.

அவர் அண்டாவின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "டில்லி சொன்னான்" என்றேன்.

சுரண்டுவதை நிறுத்தவில்லை. அப்புறம் அண்டாவுக்குள் தலையை வைத்துக்கொண்டே பேசினார்.

"தண்ணிக்குள்ள சத்தமே இல்லமே. போட்டு வெளக்கு போய்கினே இருந்துச்சி. கத்தறேன், என் காதுக்கே கேக்கல. ரம்யா இன்னா படிக்கிறான்னு நெனச்சிப் பாக்கறேன், ஞாபகம் வர்ல. பன்னெண்டாவதா, பதினொண்ணாவதா? அது தெரியாமயே பூடுவனோன்னு இருந்துச்சி."

பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். ஈரம்.

"அதான் சித்திரைன்னு சொன்னியாய்யா?"

தலையை ஆட்டினார். "ஆவணின்னா நடுவுல தடை முடிஞ்சிடும். நான் போயாவணும். போவலன்னா ஏன் போவலன்னு கேப்பாங்க. எங்கப்பன், அவங்கப்பன், எவனும் பயந்தவன் இல்ல. இப்பவே கடைய புடிச்சிட்டா, கடைக்கு ஆளு வேணும்னு சொல்லிக்கலாம்னு."

வெளியூர்த் தச்சர், ரிப்பேர், கூலி என்று அன்று அவர் சொன்னதெல்லாம் பொய்யில்லை. உண்மைதான், கடை நடக்கிறதே. ஆனால் அதற்கு அடியில் இது இருந்திருக்கிறது.

"நீ சோறாக்கு. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். கரி படிந்த கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ரம்யா பார்த்து, "அம்மா, மூஞ்சில இன்னாது?" என்றாள். கழுவிக்கொண்டேன். உடனே இல்லை.

மே 8, வியாழன்

ரம்யா பாஸ். நல்ல மார்க். பி.காம் படிக்க வேண்டுமாம். அவர் கடையில் எல்லோருக்கும் பாயசம் ஊற்றினார். ஒவ்வொருவரிடமும் போய், "பன்னெண்டாவது. பன்னெண்டாவது பாஸு" என்றார். யாரும் எந்த வகுப்பென்று கேட்கவேயில்லை.

மே 23, வெள்ளி

அனல். விசிறி சுட்ட காற்றை அடிக்கிறது. மோர் வைக்கிறோம், நொடியில் காலி. வியர்க்குரு, அவருக்கும் எனக்கும். மாறி மாறி முதுகில் பவுடர் போட்டுக்கொள்கிறோம்.

தகராறு ஒன்று: ரசத்துக்கு நான் வெல்லம் சேர்ப்பேன், அவர் சேர்க்க மாட்டார். இன்று பேசவில்லை இரண்டு பேரும், மதியம் வரை. பிறகு ஒரு பெயின்டர், "இன்னிக்கி ரசம் சூப்பரு" என்றார். யார் செய்ததென்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூன் 9, திங்கள்

துறைமுகம் முழுக்கப் புது பெயின்ட் வாசனை. தச்சர்கள் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தடை முடிந்தால் யார் வந்து சாப்பிடுவார்கள்?

நல்ல கூட்ட நேரத்தில் ஏழுமலை அண்ணன் வந்தார். இவர் போகும் படகின் சிராங்கு, படகை ஓட்டுகிறவர். வாசலில் நின்றபடியே: "கஜா, பாஞ்சாந் தேதி விடியகாலைல கெளம்பறோம். டீசலு, ஐஸு எல்லாம் சொல்லியாச்சி. துணி எட்த்து வெச்சிக்கோ."

நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். பதில் தயாராக இருந்தது: கடைக்கு ஆள் பத்தவில்லை, இந்த வருஷம் விட்டுடுங்கண்ணே. ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

அவர் கரண்டியை வைத்தார். "நான் வர்லண்ணே."

"இன்னாத்துக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பயமா கீதுண்ணே."

மெதுவாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் கேட்டது. இலையில் இருந்த கைகள் நின்றன. மூலையில் யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான்.

ஏழுமலை அண்ணன் அவரையே பார்த்தார். உள்ளே வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். "எல போடு" என்றார். இரண்டு கவளம் சாப்பிட்டார். தலை நிமிராமல் சொன்னார்: "அன்னிக்கி ஒன்னத் தேடி டார்ச் அட்ச்சேனே. அன்னிலேர்ந்து அந்த டார்ச்ச நான் தொடறதில்ல. ஒம் பொண்டாட்டி மூஞ்சில எப்டி முழிப்பேன்னுதான் தேடிகினே இருந்தேன்."

நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன். வெங்காயம் உரிக்கிற வேலைகூட இல்லை, சாக்குச் சொல்ல.

அங்கிருந்தே கேட்டது, அண்ணன் குரல்: "இன்னும் கொஞ்சம் கொயம்பு ஊத்துடா. போட்டுல இனிமே இத எவன் வெப்பான்?"

ஜூன் 15, ஞாயிறு

படகுகள் கிளம்பின. விடியற்காலையே போய்விட்டார், வழியனுப்ப. நான் போகவில்லை, அது அவருக்கும் அவர்களுக்கும். அவர் படகுக்கு மட்டும் கட்டுச்சாதம் கொடுத்துவிட்டோம், ஏழுமலை அண்ணன் கேட்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கடலை விட்டதற்கா? கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அவர் நின்ற இடம் அது. அழட்டும்.

டீ போட்டுக் கொடுத்தேன். ரம்யா பக்கத்தில் உட்கார்ந்து, காலேஜ் விண்ணப்பத்தில் எந்தக் காலேஜை முதலில் போடுவது என்று அவரைக் கேட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 16, திங்கள்

நினைத்த மாதிரியே. மதியம் பெஞ்சு காலி. இரண்டு பேர்தான் வந்தார்கள். தச்சர் இல்லை, வெல்டர் இல்லை. அண்டாவில் சோறு அப்படியே இருந்தது. அவர் மட்டும் வழக்கம்போல் தாளித்துக்கொண்டிருந்தார்.

காலையில் நடந்ததை முதலில் எழுதியிருக்க வேண்டும். கடை கூட்டிக்கொண்டிருந்தேன், வெளிச்சம் சரியாக வரவில்லை. வள்ளி அக்கா, கூடையோடு. பின்னால் மீன் விற்கிற இன்னும் மூன்று பேர். அக்கா முதல் தடவையாக உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எதுனா கீதா? இட்லி கிட்லி? நாங்க இந்நேரத்துக்கு ஏலத்துக்கு வந்தா பச்சத்தண்ணி கூட பல்லுல படாது. நாளையிலேர்ந்து மீன் எறங்கும், இன்னும் சீக்கிரம் வந்துடுவோம். டீய குட்சிட்டு எத்தினி நாளு ஓட்டறது?"

இட்லி இல்லை. எங்களுக்கென்று வீட்டிலிருந்து கொண்டு வந்த பழைய சோறு இருந்தது, ராத்திரிக் குழம்பைச் சுட வைத்துக் கொடுத்தேன். அவர் பரிமாறினார். அக்கா நாலு வாய் சாப்பிட்டு, "உப்பு கம்மி" என்றார். பிறகு தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்கப்பன் காலத்துலேர்ந்து போட்டு கெளம்பசொல்லல்லாம் எனுக்கு வயித்தக் கலக்கும். இந்த வர்சந்தான் கலக்கல."

அவர் குனிந்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

நாளையிலிருந்து காலை டிபனும். உளுந்து, இட்லித் துணி, பெரிய இட்லிக் கொப்பரை ஒன்று. சட்னிக்குத் தேங்காய். கிரைண்டரைக் கடைக்கே கொண்டு வந்துவிடலாம் என்கிறார். அரிசி ஊற வைத்தாச்சு, உளுந்து எவ்வளவு போட என்று உள்ளேயிருந்து கேட்கிறார், போக வேண்டும்.